புதுப்பிப்பு: 120 ஃபிரேம் காட்சிகள் திக்கித் திக்கி ஓடிய சிக்கல் தீர்ந்தது

கைபேசியில் நொடிக்கு 120 ஃபிரேம் (தனிப்படம்) வேகத்தில் எடுத்த காட்சிகள் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதியில்) திக்கித் திக்கி ஓடுவதாகவும், ஒலி போகப்போக உதட்டசைவை விட்டு விலகுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன்; அதன் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. காணொளிக் கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்தபோது, ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியில் ‘வேரியபிள்’ (மாறக்கூடியது) என்று இருந்தது. ஃபிரேம்களுக்கு இடையிலான நேரம் கூடியும் குறைந்தும் பதிவாகியிருக்க, எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரானதாகக் கருதிக் கணக்கிட்டதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

காணொளிகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 120 என்றும் ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்றும் அமைத்து மாற்றிய பிறகு ஒலி சரியாகப் பொருந்தியது. அந்த இடத்தில் 30 என்று வைத்தால், ஸ்லோ மோஷனுக்குத் தேவையான ஃபிரேம்கள் அங்கேயே போய்விடும் என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டைம்லைனை நொடிக்கு 24 ஃபிரேமில் வைத்து வேகத்தை 20 சதவீதமாக்கினால், ஒரு ஃபிரேம்கூட விடுபடாமலும் இரட்டிக்காமலும் ஐந்து மடங்கு மெதுவான ஓட்டம் கிடைக்கிறது. 25 ஃபிரேம் டைம்லைனில் அதே 20 சதவீதம் இவ்வளவு சுத்தமாக அமையாது.

குழல்விளக்கின் கீழ் எடுத்தவற்றில் மட்டும் மினுக்கம் இன்னும் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. 120 ஃபிரேமுடன் அது ஒத்துப்போவதில்லை. அத்தகைய இடங்களில் 100 ஃபிரேமில் எடுப்பதே நல்லது.