1932 கராச்சி–மெட்ராஸ் முதல் விமானக் கவர்: நிஜமாகவே பறந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கவர்தேடி

எல்லாருக்கும் வணக்கம். தபால்தலை பரிச்சயம் உண்டு, வானஞ்சல் கவர் பக்கம் புதிது. ஒரு வியாபாரி இரண்டு உருப்படி காட்டுகிறார்.

ஒன்று, டாடாவின் முதல் கராச்சி–மெட்ராஸ் தபால் கவர் என்கிறார். முன்பக்கம் கராச்சி முத்திரை, தேதி 15 அக்டோபர் 1932. ஐந்தாம் ஜார்ஜ் தலைகள், நீல நிற ஏர்மெயில் லேபிள், விலாசம் மயிலாப்பூர். பின்பக்கப் படம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, 1911 அலகாபாத் வானஞ்சல் கவர். இதற்கு முத்திரையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம்தான் அனுப்பியிருக்கிறார். விமானம் தெரிகிறது, 1911 என்ற ஆண்டும் தெரிகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு.

இரண்டும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன, உறை லேசாகப் பிசுபிசுக்கிறதாம். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வாங்கினால் எப்படி வைப்பது?

பதில்: பழையதபால்

முதல் கவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேதி சரியாக இருந்தால் மட்டும் போதாது, நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று காலை 6.35க்கு கராச்சி டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து புஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். தபால் சுமை 55 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ. அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பிற்பகல் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து மெட்ராஸ் வரை கொண்டுவந்தது அவர் இல்லை, கூட்டாளி நெவில் வின்சென்ட். இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் 16ஆம் தேதி மெட்ராஸ் வந்து சேர்ந்தார். 'டாடாவே ஓட்டி மெட்ராஸ் வந்த கவர்' என்று யாராவது விற்றால் அவருக்கே விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

இதை வைத்துக்கொண்டு முத்திரையைப் படியுங்கள். அந்தக் காலத்து முத்திரை பலவற்றில் தேதியோடு நேரமும் இருக்கும். கராச்சியில் 14ஆம் தேதி மாலையோ 15ஆம் தேதி விடியலிலோ குத்தியிருந்தால் சரி. 15ஆம் தேதி பகலில் குத்தியதாக இருந்தால், விமானம் போன பிறகு பெட்டியில் விழுந்த கடிதம் அது. ஏர்மெயில் லேபிள் ஒட்டியிருந்தாலும் அந்த விமானத்தில் ஏறியிருக்காது.

அடுத்தது பின்பக்கம். வானஞ்சல் கவரில் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது. வந்து சேர்ந்த ஊரில் குத்தும் பேக்ஸ்டாம்ப் மெட்ராஸ், 16 அக்டோபர் என்று இருந்தால் கேள்வியே இல்லை. 15 என்று இருந்தால் போலி. அன்று அந்தத் தபால் பெல்லாரியைத் தாண்டவில்லை. 17 என்று இருந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். 1932 அக்டோபர் 16 ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூர் மாதிரி பட்டுவாடா ஆபீஸ் முத்திரை திங்களன்று விழுந்திருக்க நியாயம் உண்டு. 19, 20 என்று போனால் ரயிலில் வந்ததோ என்று யோசிக்க வேண்டும்.

லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விமானத்தில் கராச்சி வரை வந்து இந்த விமானத்துக்கு மாறிய கடிதங்களும் உண்டு. அவற்றில் புறப்பட்ட முத்திரை ஏறக்குறைய ஒரு வாரம் முந்தியதாக இருக்கும். கராச்சியில் புறப்பட்ட முத்திரை இல்லையே என்று அதைக் கழித்துவிடக் கூடாது. என் ரசனைக்கு, சேகரிப்பவர்கள் தங்களுக்கே அனுப்பிக்கொண்ட கவரைவிட இப்படி ஒரு கம்பெனி வியாபாரக் கடிதம் மேல்.

லேபிள் மேல் இரண்டு இணைகோடு குறுக்கே அடித்திருந்தால் அழுக்கு என்று நினைத்து அழிக்கப் போகாதீர்கள். விமானப் பயணம் இங்கே முடிந்தது, இனி தரைவழி என்று தபால்காரர் போட்ட குறி அது. அப்படிப்பட்ட கவருக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

பதில்: வயலட்விளக்கு

பொருளை வைத்துக் காலம் பார்க்கும் வழி நான் சொல்கிறேன்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டறையில் கவர் மேல் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950களுக்கு முன் காகிதத்தில் பரவலாகச் சேரவில்லை. 1932 கவர் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் காகிதம் பிந்தையது. பழைய காகிதம் மங்கலான பழுப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும்.

விலாசம் எழுதிய மையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிப்புப் பேனா எழுத்தில் கீழிழுப்பு தடிக்கும், மேலிழுப்பு மெலியும். மை நாரில் ஊறி ஓரம் பிசிறும். பால்பாயிண்ட் ஒரே தடிமனில் ஓடி, நடுவில் பள்ளம் போட்டிருக்கும். அது கடைக்கு வந்ததே 1940களின் நடுவில். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல்தான். சிரிக்காதீர்கள், விலாசத்தில் ஆறிலக்க எண்ணோடு '1930கள் கவர்' விற்பனைக்கு வருவது உண்டு. ஆறாம் ஜார்ஜ் தலை 1932 கவரில் இருக்க வழியே இல்லை, இந்தியாவில் அவை 1937இல்தான் வந்தன.

முத்திரை தலையின் ஓரத்தைத் தாண்டிக் காகிதத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். கோடு தலையிலிருந்து காகிதத்துக்கு இறங்கும் இடத்தில், பல்விளிம்பின் தடிமனால் நூலிழை இடைவெளி விழும். அது இயல்பு. தலையில் உள்ள வட்டமும் காகிதத்தில் உள்ள வட்டமும் ஒன்றோடொன்று சேராவிட்டால், வேறு கவரிலிருந்து எடுத்த தலையை ஒட்டியிருக்கிறார்கள். சிறப்புப் பயணத்துக்கென்று அடிக்கும் கேஷே முத்திரையையும் லென்ஸில் பாருங்கள். ரப்பர் முத்திரை மை ஓரத்தில் திரண்டு நிற்கும். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் பிரிண்டர் வேலை.

பதில்: பழையதபால்

விளக்கு விஷயத்தில் ஒரு திருத்தம். மின்னினால் சந்தேகப்படலாம், சரி. மின்னாவிட்டால் நல்லது என்று ஆகாது. எழுதாத பழைய உறைகளும் பயன்படுத்திய பழைய தலைகளும் சந்தையில் கிடைக்கும்போது, போலி செய்பவன் புதுக் காகிதத்தை ஏன் தொடப்போகிறான்? பிந்தைய ஆல்பத் தாளிலிருந்தோ பசையிலிருந்தோ ஒட்டிய திட்டுகளும் மின்னும். கவர் முழுக்க ஒரே சீராக மின்னுகிறதா, திட்டுத்திட்டாகவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் நேரமும் வழித்தடமும் பேக்ஸ்டாம்பும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் சோதனை. விளக்கு அதற்குத் துணை, அவ்வளவுதான்.

பதில்: நைனிக்கரை

அலகாபாத்துக்கு வருகிறேன். விலை குறைவு என்றீர்களே, அங்கேயே பாதி விடை இருக்கிறது.

1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே, ஹம்பர்-சோமர் இரட்டை இறக்கை விமானத்தில் அலகாபாத் கண்காட்சி மைதானத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குக் கொண்டுபோனது சுமார் 6,500 உருப்படி. தூரம் ஆறு மைல் அளவு, நேரம் 13 நிமிடம். உலகின் முதல் அதிகாரபூர்வ வானஞ்சல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏற்பாடு வால்டர் விண்டம். தனிக் கட்டணம் 6 அணா, அது ஒரு மாணவர் விடுதிக் கட்டட நிதிக்குப் போனது. 6,500 என்றால் கிடைக்கவே கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள், அதனால் மலிவாக வராது.

அசலில் என்ன இருக்கும்? பெரிய வட்ட முத்திரை, மலைகளுக்கு மேல் விமானம், முதல் வானஞ்சல், 1911, ஐக்கிய மாகாணக் கண்காட்சி அலகாபாத் என்று ஆங்கிலத்தில் வாசகம். நிறம் மெஜந்தா, அதாவது ஊதா கலந்த ரோஜா. கறுப்பில் குத்தியவை வெகு சில. கறுப்பு என்று யாராவது சொன்னால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் கை வைக்காதீர்கள். மெஜந்தா மை ஈரத்தில் கசியும், வெயிலில் வெளுக்கும். 110 வருடம் கழித்தும் நேற்றுக் குத்தியது போல் ஜொலித்தால் ஒருதரம் யோசியுங்கள்.

தலையைப் பார்ப்பது இன்னும் சுலபம். அந்தத் தேதியில் புழக்கத்தில் இருந்தது ஏழாம் எட்வர்ட் தலை. அவர் 1910 மே மாதமே இறந்துவிட்டார், ஆனாலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை இந்தியாவில் வெளிவந்தது 1911 டிசம்பரில்தான். பிப்ரவரி 1911 கவரில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. இதை மறைக்கத்தான் முத்திரையை மட்டும் கிட்டத்தில் படம் எடுக்கிறார்கள். முழு கவர், இரண்டு பக்கம், 600 டிபிஐ ஸ்கேன் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேச்சு நீட்ட வேண்டாம்.

இன்னொன்று. 50ஆம், 75ஆம், 100ஆம் ஆண்டுகளுக்கு 1961, 1986, 2011இல் நினைவு வெளியீடுகள் வந்தன. அந்தக் கவர்களிலும் விமானப் படமும் 1911ம் இருக்கும். பெரும்பாலான 'மலிவு அலகாபாத்' இவைதான். விற்பவர் ஏமாற்றுகிறார் என்றே சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

பதில்: உறைக்காப்பு

பிசுபிசுப்பு என்றதும் எழுத வேண்டியதாயிற்று. அது பிவிசி உறை. அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள் சேர்ப்பார்கள், வருடங்கள் போகப்போக அது வெளியே கசிந்து மையையும் கோந்தையும் இளக்கும். காகிதம் மஞ்சளாகும், சில முத்திரை எதிர்ப்பக்க பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். சந்தேகம் இருந்தால் வெட்டவெளியில், புகையை முகராமல், காய்ச்சிய செம்புக் கம்பியை உறைத் துணுக்கில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி.

கவரைப் பிடித்து இழுத்து உருவாதீர்கள். உறையை இரண்டு ஓரம் கூரிய பிளேடால் வெட்டி, கவர் மேசையில் தட்டையாகக் கிடக்க, பிளாஸ்டிக்கை மட்டும் பின்னோக்கி மடக்கி உரியுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிட்டு காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர், பெட்ரோல், ரப்பர் எதுவும் வேண்டாம். செல்லோடேப் ஒட்டியிருந்தாலும் அப்படியே.

பிறகு பாலியெஸ்டர் உறை, மெலினெக்ஸ் மாதிரி. பாலிபுரொப்பிலீனும் பரவாயில்லை. உள்ளே அமிலமில்லா அட்டை ஒன்று முதுகுக்கு. குறிப்பெல்லாம் அந்த அட்டையில் பென்சிலில். கவர் மேல் விலை எழுதுவது பெரும்பாவம். ஆல்பத்தில் ஒட்டுவதானால் ஹிஞ்ச் என்ற பசைத்தாள் துண்டு வேண்டாம், போட்டோ மூலைகள் போதும். மூடிய கடிதமானால் திறக்காதீர்கள். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். அந்த ஒரு தப்புக்குப் பரிகாரம் கிடையாது.

நம்ம ஊர் ஈரம் இன்னொரு எதிரி. ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பழுப்புப் புள்ளி பூக்கும். 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் பெட்டிக்குள் போடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் திரும்பப் பயன்படும். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். மழைநீர் படும் வெளிச்சுவரை ஒட்டி பீரோவை வைக்க வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால், பின்னின் மடங்கிய காலை நிமிர்த்தி மெதுவாக எடுங்கள், இழுத்தால் காகிதம் கூட வரும்.

கவர்தேடி

பெரிய உதவி. முழு ஸ்கேன் வந்துவிட்டது. கராச்சி முத்திரையில் நேரம் படிக்க முடியவில்லை, ஆனால் பின்பக்கம் மெட்ராஸ் 16 அக்டோபர் தெளிவாக இருக்கிறது, அதன் பக்கத்தில் மயிலாப்பூர் 17. விலாசம் நிப்புப் பேனா. அலகாபாத் கவரில் ஒட்டியிருப்பது 15 நயா பைசா தலை.

பதில்: நைனிக்கரை

நயா பைசாவே 1957 ஏப்ரலில்தான் வந்தது. 1961 பொன்விழாவுக்கு 5, 15 நயா பைசா, 1 ரூபாய் என்று மூன்று தலை வெளியிட்டார்கள், அதில் ஒன்று இது. நினைவுக் கவர் விலை கொடுக்கலாம், அசல் விலை கூடாது.

பதில்: பழையதபால்

16, 17 இரண்டும் இருப்பது அழகு. ஞாயிறு வந்து திங்கள் பட்டுவாடா ஆகியிருக்கிறது. அந்த மெட்ராஸ் முத்திரையை இன்னொரு உறுதியான அதே நாள் கவரின் முத்திரையோடு எழுத்து வடிவம் ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவும் பொருந்தினால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் 15 நாளில் திருப்பித் தரலாம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பிவிசியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உரிக்கும்போது மை ஒட்டி வந்தால் நஷ்டம் அவருடையதாக இருக்கட்டும்.