எக்செல் ஆப்ஷன் பட்டனிலும் காம்போ பாக்ஸிலும் சப்ஸ்கிரிப்ட் வரமாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

நீர்ச்சோதனை:
எல்லோருக்கும் வணக்கம். குடிநீர் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் சின்ன ஆய்வகம் எங்களுடையது. அறிக்கைக்காக எக்செல்லில் ஒரு படிவம் போட்டிருக்கிறேன். காம்போ பாக்ஸில் (சொடுக்கினால் கீழே விரியும் பட்டியல்) நைட்ரேட், சல்பேட், கால்சியம், மெக்னீசியம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான வரம்பு பக்கத்தில் வர வேண்டும். பெயர்களைக் குறியீட்டில்தான் காட்ட வேண்டும் என்பது மேலே இருப்பவர்களின் விருப்பம்.

பட்டியல் இருக்கும் செல்லில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, சப்ஸ்கிரிப்ட் (கீழே இறங்கிய சின்ன எழுத்து) டிக் போட்டேன். செல்லில் எஸ்ஓ₄²⁻ என்று (ஆங்கில எழுத்துகளில்) அழகாக நிற்கிறது. காம்போ பாக்ஸைத் திறந்தால் எஸ்ஓ42- என்று தட்டையாக வருகிறது. ஆப்ஷன் பட்டனின் (வட்டத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் பொத்தான்) எழுத்தை மாற்றலாம் என்றால் அங்கே சப்ஸ்கிரிப்ட் வசதியே கண்ணில் படவில்லை. மேக்ரோ வழியாகவும் பார்த்தேன். கன மீட்டருக்கு ஆங்கிலத்தில் எம்³ என்று ஒட்டினால் சரியாக வருகிறது. ஆனால் எஸ்ஓ₄ என்று ஒட்டினால் ₄ மட்டும் வெறும் 4 ஆகிவிடுகிறது. இன்னொரு கணினியில் அதே இடத்தில் கேள்விக்குறி. ³ வரும்போது ₄ ஏன் வரவில்லை?

மேக்ரோமாமா:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டர் பழைய காலத்துச் சரக்கு, அதற்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்திருக்கும் பட்டியல்) தெரியாது. விண்டோஸின் பழைய குறியீட்டுப் பட்டியலில் இருக்கும் எழுத்துகளை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். ¹, ², ³ மூன்றும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன (185, 178, 179), அதனால் தப்பித்துவிடுகின்றன. ⁴ முதல் ⁹ வரை சூப்பர்ஸ்கிரிப்ட்களும் (மேலே ஏறிய சின்ன எழுத்து), ₀ முதல் ₉ வரை சப்ஸ்கிரிப்ட் அத்தனையும் அதில் கிடையாது. எனவே எடிட்டர் ஒன்று அதைச் சாதா எண்ணாக மாற்றும், இல்லையென்றால் கேள்விக்குறி போடும். தமிழில் ஒரு வரி அங்கே ஒட்டிப் பாருங்கள், வரிசையாக ????? நிற்கும். நம்மில் பலர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான்.

அங்கே எழுத்தை ஒட்டாதீர்கள். எண்ணைச் சொல்லி வரவழையுங்கள். மேக்ரோவில் சிஎச்ஆர்டபிள்யூ(8324) என்று எழுதினால் ₄. கணக்கு சுலபம்: 8320 என்பது ₀, அங்கிருந்து வரிசையாக 8329 வரை. மேலே வருவதற்கு 8308 தான் ⁴, அங்கிருந்து 8313 வரை ⁹. ⁺ வேண்டுமென்றால் 8314, ⁻ வேண்டுமென்றால் 8315. ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவிலும் இதே தகராறு இருக்கிறது. எக்செல்லில் ஃபார்ம் கன்ட்ரோல், ஆக்டிவ்எக்ஸ் என்று இரண்டு வகைப் பட்டன்கள் உண்டு. ஆக்டிவ்எக்ஸ் பட்டனின் கேப்ஷனை (மேலே தெரியும் எழுத்து) அங்கே ஒட்டாமல், படிவம் திறக்கும்போது மேக்ரோ போட்டுவிடட்டும்.

இனி காம்போ பாக்ஸ். செல்லில் நீங்கள் போட்ட சப்ஸ்கிரிப்ட் வெறும் அலங்காரம். செல்லின் உண்மையான மதிப்பு எஸ்ஓ42- தான். காம்போ பாக்ஸ் மதிப்பை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், அலங்காரத்தை வாசலிலேயே கழற்றிவிடும். செல்லிலேயே வைக்கும் டேட்டா வேலிடேஷன் பட்டியலும் அப்படித்தான். அதனால் செல்லுக்குள்ளேயே யூனிகோடு எழுத்து இருந்தாக வேண்டும்.

நீர்ச்சோதனை:
புரிகிறது சார். ஆனால் பட்டியல் நீளமானது. இன்சர்ட், சிம்பல் என்று போய் ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது முடிகிற காரியமா?

மேக்ரோமாமா:
வேண்டாம், ஃபார்முலா போடுங்கள். எக்செல் 2013 முதல் யூனிகார் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஏ நெடுவரிசையில் நீங்கள் தட்டச்சு செய்வது, பி நெடுவரிசையில் காட்டுவது. பி2-இல் (எல்லாம் ஆங்கில எழுத்தில்):

=சப்ஸ்டிட்யூட்(ஏ2, "_4", யூனிகார்(8324))

அடிக்கோட்டைக் கவனியுங்கள். வெறும் எண்ணைத் தேடினால் கண்ட இடத்து எண் எல்லாம் கீழே இறங்கிவிடும். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண், மின்னூட்டத்தின் 2 எல்லாமே. எனவே கீழே போக வேண்டியதற்கு முன்னால் _ போடுங்கள், மேலே போக வேண்டியதற்கு முன்னால் ^ போடுங்கள். சல்பேட்டை எஸ்ஓ_4^2^- என்று அடிக்க வேண்டும், கால்சியத்தை சிஏ^2^+ என்று. ஒரு சப்ஸ்டிட்யூட்டுக்குள் இன்னொன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். உங்களுக்கு _3, _4, ^2, ^-, ^+ ஐந்து போதும் என்று நினைக்கிறேன். இரண்டு இலக்கம் வந்தால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனிக் குறி. சர்க்கரையில் 12 கார்பன் என்றால் _1_2.

காம்போ பாக்ஸின் இன்புட் ரேஞ்சை பி-க்குத் திருப்பிவிடுங்கள். வரம்பைத் தேட விலுக்கப் (பெயரை வைத்துத் தேடும் ஃபங்ஷன்) போடாதீர்கள். எஸ்ஓ₄²⁻ வேறு, ஏ நெடுவரிசையில் அடித்த எஸ்ஓ_4^2^- வேறு, எக்செல் இரண்டையும் ஒன்றாக நினைக்காது. ஃபார்ம் கன்ட்ரோல் காம்போ பாக்ஸ், லிங்க் செய்த செல்லில் எத்தனையாவது வரி என்ற எண்ணைத்தான் தரும். அது நமக்கு வசதி. வரம்புகள் சி நெடுவரிசையில், லிங்க் செல் ஈ1 என்றால்:

=இண்டெக்ஸ்(சி2:சி5, ஈ1)

ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு நைட்ரேட் 45, சல்பேட் 200, கால்சியம் 75, மெக்னீசியம் 30 மில்லிகிராம். இவை ஏற்கத்தக்க வரம்புகள். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்துக்கான தளர்வு வரம்பு வேறு, நைட்ரேட்டுக்கு மட்டும் தளர்வு கிடையாது. அதற்கு இன்னொரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்ச்சோதனை:
காம்போ பாக்ஸ் வந்துவிட்டது! வரம்பும் சரியாக விழுகிறது. ஆனால் ₄ கொஞ்சம் தடித்தும், ² மெலிந்தும் தெரிகிறது. பழைய கணினி ஒன்றில் ₄ இருக்க வேண்டிய இடத்தில் கட்டம்தான்.

வரிவடிவம்:
அது ஃபாண்ட் பிரச்சினை. ² பழைய எழுத்து என்பதால் ஏறக்குறைய எல்லா ஃபாண்டிலும் இருக்கும். ₄ இல்லாத ஃபாண்ட் நிறைய. அப்போது விண்டோஸ் வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கிக் காட்டும், அதுவும் கிடைக்காவிட்டால் கட்டம். கலிப்ரி, கேம்ப்ரியா, செகோ யூஐ மூன்றிலும் இரண்டு வகையும் உண்டு. ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் என்றால் ஃபாண்டை மாற்றிவிடலாம். ஃபார்ம் கன்ட்ரோல் ஆப்ஷன் பட்டனில் ஃபாண்டை மாற்ற முடியாது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? சுலோகப் புத்தகங்களில் க², க³, க⁴ என்று போடுவார்களே, அதைக் கணினியில் அடிப்பவர்களுக்கும் இதே தலைவலி. ² ³ ஒரு அளவில், ⁴ இன்னொரு அளவில் நிற்கும்.

வேதியியல்டீச்சர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பள்ளியில் வினாத்தாளுக்கு இதே மாதிரி படிவம் செய்கிறேன். சமநிலை மாறிலிக்குப் பெரிய கே போட்டு அதன் கீழே சின்ன சி வர வேண்டும். எவ்வளவு தேடியும் அந்தச் சின்ன சி கிடைக்கவில்லை. கீழே பி (அழுத்தத்துக்கானது) கிடைக்கிறது.

வரிவடிவம்:
கிடைக்காது டீச்சர். யூனிகோடில் எண்கள் முழுசாக இருக்கின்றன, ஆங்கில எழுத்துகளில் சிலதுதான் கீழே இறங்கும். சிறிய ஏ, இ, எச், கே, எம், என், அழுத்தத்துக்கான பி எல்லாம் உண்டு. சி, அதற்கு அடுத்து வரும் டி, காரத்துக்குப் போடும் பி இவற்றுக்கு இடமில்லை. அமில மாறிலிக்கு வழி இருக்கிறது, கார மாறிலிக்கு இல்லை. என்ன நியாயமோ!

உங்களுக்கு வேறு தந்திரம். ஆப்ஷன் பட்டனின் எழுத்தை முழுவதும் அழித்துவிடுங்கள், வட்டம் மட்டும் நிற்கட்டும். அதற்கு நேர் பின்னால் இருக்கும் செல்லில் பெயரை அடித்து, கன்ட்ரோல் 1 வழியாக நிஜமான சப்ஸ்கிரிப்ட் போடுங்கள். பட்டனுக்குப் பின்னணி நிறம் இல்லாததால் செல்லின் எழுத்து அதன் வழியே தெரியும். பட்டனை எழுத்து முடியும் வரை இழுத்துவிட்டால், எழுத்தின் மேல் சொடுக்கினாலும் தேர்வாகும். இரண்டு கவனம். அந்தச் செல்லில் ஃபார்முலா இருக்கக் கூடாது. ஃபார்முலா விடையில் ஒரு எழுத்தை மட்டும் கீழே இறக்க எக்செல் விடாது. அப்புறம், வரிசை உயரத்தை மாற்றினால் வட்டமும் எழுத்தும் விலகிப்போகும், எல்லாம் முடித்த பிறகு ஷீட்டைப் பூட்டிவிடுங்கள். காம்போ பாக்ஸுக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது.

வேதியியல்டீச்சர்:
ஆப்ஷன் பட்டன்தான் எனக்கு வேண்டும். செய்து பார்த்தேன், அச்சிலும் நன்றாக வருகிறது. நன்றி தம்பி.

நீர்ச்சோதனை:
எனக்கும் பட்டன்கள் சரியாகிவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி. வரம்பு மீறினால் மெசேஜ் பாக்ஸில் எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறேன். மாமா சொன்னபடி 8324 போட்டும் அங்கே ₄ வரவில்லை.

மேக்ரோமாமா:
விபிஏ-வின் மெசேஜ் பாக்ஸும் பழைய பட்டியல்காரர்தான், எண்ணைச் சொல்லி அனுப்பினாலும் காட்டமாட்டார். ஒரு சின்ன யூசர்ஃபார்ம் (நாமே வடிவமைக்கும் சின்ன விண்டோ) செய்து அதில் ஒரு லேபிளும் ஓகே பட்டனும் வையுங்கள். லேபிளின் ஃபாண்ட் செகோ யூஐ. கேப்ஷனை, ஷீட்டில் ஏற்கெனவே ஃபார்முலா போட்ட பி நெடுவரிசைச் செல்லிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், மேக்ரோவில் ஒரு எண்கூட எழுத வேண்டியதில்லை. அவசரமென்றால் எச்சரிக்கையில் மட்டும் "சல்பேட்" என்று தமிழில் போட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள், அங்கே தமிழும் ????? தான்.