555 ஸ்குவாட்ரன் பேட்ச்: உடோர்ன் தையலா, பிறகு அடித்ததா?

நீலவால்:
ஃபேண்டம் போர்விமானம் ஓட்டிய அமெரிக்க விமானப்படைப் பிரிவான 555-ஆவது டாக்டிக்கல் ஃபைட்டர் ஸ்குவாட்ரனின் ('ட்ரிபிள் நிக்கல்') பேட்ச், அதாவது சீருடையில் தைக்கும் துணிச்சின்னம், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1969-இல் தாய்லாந்தின் உடோர்ன் தளத்துக்கு வெளியே இருந்த தையல்கடையில் செய்தது என்கிறார் விற்பவர். சுற்றிலும் தடித்த மெரோ ஓரம் (மெஷினில் நூல் சுற்றி மூடிய விளிம்பு). யு.வி. (புறஊதா) டார்ச் அடித்தால் ஒளிரவில்லையாம், அதனால் பழைய நூல்தானாம். பின்பக்கப் படம் கேட்டிருக்கிறேன். அதில் எதைப் பார்ப்பது?

அடிநூல்:
பின்பக்கம் கேட்டது சரி, முன்பக்கத்தைப் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. அந்தக் காலத்துத் தாய்லாந்து வேலை, தையற்காரர் துணியைக் கையால் நகர்த்தி மெஷினில் அடித்தது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. பேட்சில் மூன்று 5 இருக்கிறதே, அவற்றைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். மூன்றும் அச்சுப்போல ஒன்றாக இருந்தால் கணினி மெஷின் வேலை. 1980-களிலிருந்துதான் அது பரவியது. பின்னால் எல்லா நிறத்துக்கும் ஒரே வெள்ளை அடிநூல் (மெஷினில் கீழிருந்து வரும் நூல்), ஓரத்தில் பிசிறில்லாமல் வெட்டிய நெய்யாத தாள்துணி, இஸ்திரி போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் படலம் என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

மெரோ ஓரம் மட்டும் போலிக்குச் சாட்சி ஆகாது. 1960-களின் அமெரிக்கத் தொழிற்சாலை பேட்ச்களிலும் அது உண்டு. ஆனால் உள்ளூர்க் கடை வேலை என்றால் பெரும்பாலும் நெருக்கமாகத் தைத்துக் கத்தரியால் வெட்டிய ஓரம்தான். சொல்லும் கதைக்கும் ஓரத்துக்கும் ஒட்டவில்லை.

பழையட்வில்:
யு.வி. சோதனையை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். நூலில் வெண்மையூட்டி (துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம்) இருந்தால் ஒளிரும், அவ்வளவுதான். பழைய பேட்சை இன்றைய சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்தாலே ஒளிரும். வெண்மையூட்டி இல்லாத நூலில் நேற்று தைத்தது ஒளிராது. அதிலும் 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சம் கண்ணைக் குழப்பும், 365 வேண்டும்.

விற்பவர் சம்மதித்தால், பின்னால் தொங்கும் நூலில் 3 மி.மீ. வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கடினமான மணியானால் பாலியஸ்டர், அல்லது நைலான். சாம்பலாகிக் காகிதம் எரிந்த வாடை அடித்தால் பருத்தி, அல்லது ரேயான். பருத்தியையும் ரேயானையும் நெருப்பு பிரித்துக் காட்டாது.

அடிநூல்:
இடமும் வருடமும் பொருந்துகின்றன. 555 தாய்லாந்தின் இன்னொரு தளமான உபோனிலிருந்து உடோர்னுக்கு மாறியது 1968-இல். ஆனால் அதைத் தேடிப் படித்துச் சொல்ல விற்பவருக்கு ஐந்து நிமிடம் போதும். 'டாக்டிக்கல்' இல்லாமல் 'ஃபைட்டர் ஸ்குவாட்ரன்' என்று மட்டும் தைத்திருந்தால் தொடவே வேண்டாம். விமானப்படை அந்தச் சொல்லை விட்டது 1991-இல்.

நீலவால்:
படம் வந்துவிட்டது. மூன்று 5-ம் அச்சு அசல். அடிநூல் முழுக்க வெள்ளை. பின்புறமும் முன்புறத்தைப் போலவே பழுப்பேறியிருக்கிறது.

பழையட்வில்:
தேயிலைத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். வெயிலில் வெளுத்தது என்றால் முன்பக்கம் மங்கி, பின்பக்க நிறம் பளிச்சென்று இருக்கும். உடையிலிருந்து பிரித்ததில் ஓரமாக ஊசித்துளையும் அறுந்த நூலும் மிஞ்சும். இதில் துளை இருக்கிறதா?

நீலவால்:
ஒன்றுகூட இல்லை.

அடிநூல்:
அப்போது நினைவுப்பொருள் விலைக்கு மேல் ஒரு காசு தராதீர்கள். அந்த விலைக்கு வாங்கினாலும் பி.வி.சி. ஆல்பத்தில் செருகாதீர்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கு பக்கத்துப் பேட்ச்களிலும் ஏறும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும்.