பி.எஸ்.6 டீசல் கார்: டி.பி.எஃப். ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 2020 இறுதியில் வாங்கிய, பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குட்பட்ட என் டீசல் கார் பெரும்பாலும் தரமணி அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும்தான் ஓடுகிறது. சில வாரங்களாக டேஷ்போர்டில் டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) விளக்கு எரிந்துவந்தது, இப்போது இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது, வண்டியும் இழுக்கவில்லை. ஃபில்டர் அடைத்துவிட்டதாகச் சொல்லி, அதை மாற்ற ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய டீசல் வண்டி கிளட்ச், பெல்ட் தவிர வேறு பெரிய செலவே வைத்ததில்லை. ஃபில்டரையே கழற்றிவிடலாம் என்கிறார் வெளியே ஒரு மெக்கானிக். என்ன செய்வது?

டீசல் பணிமனை, கோவை:
ஐயா, பணம் கட்டுவதற்கு முன் கரி அளவு, சாம்பல் அளவு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு ஆகியவற்றை ஸ்கேனரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கரி சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிந்துவிடும். இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள உலோகச் சேர்மங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சாம்பல் நிறைந்திருந்தால்தான் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோ தேவைப்படும். உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால், சைலன்சர் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவதால் ரீஜெனரேஷன் (கரியைச் சூட்டில் எரித்து ஃபில்டரைச் சுத்தமாக்கும் வேலை) பாதியிலேயே நின்று கரி தேங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் அளவு தவறாகக் காட்டும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபில்டரைக் கழற்றும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதோடு, அந்தக் கரியைச் சுவாசிக்கப்போவது பள்ளி வாசலில் நிற்கும் குழந்தைகள்தான்.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி. அளவு எடுத்ததில் சாம்பல் குறைவு, கரிதான் அதிகம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடையும் அடித்தது. அது எதனால்?

டீசல் பணிமனை, கோவை:
ஃபில்டரைச் சூடாக்குவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி, எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கிறது. உடனடியாகக் கவனிக்க வேண்டியது இதுதான்; ஆயில் நீர்த்துப்போனால் டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் தேய்ந்து, ஃபில்டர் விலையைவிடப் பெரிய செலவு வரும். ஆகவே வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பணிமனையிலேயே ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். கரி அளவு தயாரிப்பாளரின் வரம்புக்குள் இருந்தால் ஸ்கேனர் மூலம் ரீஜெனரேஷன் செய்யச் சொல்லுங்கள். வரம்பை மீறியிருந்தால் அந்தச் சூட்டில் ஃபில்டரே விரிசல் விடும் என்பதால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடியும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள்.

இனிமேல் வாரம் ஒருமுறையாவது ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை, 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்டுங்கள். அதற்கு வழியில்லை என்றால், அடுத்த பெரிய பழுதுக்கு முன் இதை நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு விற்றுவிட்டுப் பெட்ரோல் வண்டிக்கு மாறுவதே உங்களுக்கு லாபம்.