பிளஸ் டூ முடிக்கும் முன்பே சி.ஏ. பவுண்டேஷன் ரிஜிஸ்டர் செய்யலாமா? (தர்மபுரி, தமிழ் வழி)

பாலக்கோடு_அப்பா:
வணக்கம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. காமர்ஸ் குரூப்தான், ஆனால் வணிகக் கணிதம் கிடையாது, கணினிப் பயன்பாடு. அக்கவுண்டன்சியில் நல்ல மார்க் எடுக்கிறாள். ஒரு கோச்சிங் சென்டரில் "இப்பவே சி.ஏ. பவுண்டேஷன் சேர்த்துடுங்க, காலேஜ் பிறகு பார்த்துக்கலாம், கூடவே என்.ஐ.எஸ்.எம்., அப்புறம் சி.எஃப்.ஏ." என்கிறார்கள். காலேஜுக்கு முன்பே இதெல்லாம் தேவையா? எதை முதலில் செய்வது? செலவு எவ்வளவு ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_ஆடிட்:
சார், அந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். பவுண்டேஷன் சி.ஏ. படிப்பின் முதல் படித் தேர்வு, என்.ஐ.எஸ்.எம். பங்குச் சந்தை, ஃபண்ட் வேலைக்கான சான்றிதழ் தேர்வு, சி.எஃப்.ஏ. முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வு. சி.எஃப்.ஏ. முதல் லெவலுக்கு டிகிரி முடிய 23 மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதைச் சொன்னவரிடம் மற்ற விஷயங்களையும் இரண்டு முறை கேளுங்கள்.

பவுண்டேஷன் வேறு கதை. பத்தாவது முடித்தாலே ரிஜிஸ்டர் செய்யலாம், பிளஸ் டூ எழுதிய பிறகு பரீட்சை. ரிஜிஸ்டர் செய்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதால் கெடு தேதிதான் முக்கியம். மே பரீட்சைக்கு ஜனவரி 1, செப்டம்பருக்கு மே 1, அடுத்த ஜனவரிக்கு செப்டம்பர் 1. மகளுக்கு மே அட்டெம்ப்ட் வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கும்போது இரண்டையும் தூக்கினால் இரண்டிலும் மார்க் இறங்கும். பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் ரிஜிஸ்டர் செய்து செப்டம்பரில் எழுதட்டும். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் மே 1 போய்விடும், பலர் தவறவிடுவது இங்கேதான்.

ரிஜிஸ்ட்ரேஷன் 9,000 ரூபாய், பரீட்சைக் கட்டணம் 1,500. ரிஜிஸ்ட்ரேஷன் நான்கு வருடம் செல்லும். பாடப் புத்தகம், மாதிரித் தேர்வுத் தாள், பழைய வினாக்கள் எல்லாம் சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் இலவசம், ஆன்லைன் வகுப்பும் உண்டு.

காலேஜை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2024 ஜூன் பவுண்டேஷனில் பாஸ் ஆனவர்கள் 14.96 சதவீதம். அதை நம்பி ஒரு வருடம் வீட்டில் உட்கார வைப்பது சரியல்ல. இன்னொன்று, ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அது காலேஜில் நேரடியாகச் சேர்ந்து படிப்பவர்களுக்குத்தான். சி.ஏ. மட்டும் படித்தால் கிடைக்காது, அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தாலும் கிடைக்காது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம்., கூடவே பவுண்டேஷன் என்பதுதான் என் கணக்கு.

காவேரிப்பட்டினம்_காமர்ஸ்:
தமிழ் வழி என்பதை யாரும் கவனிக்கவில்லையே. பவுண்டேஷனை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழ் கிடையாது. நான்கு தாளில் அடி விழுவது ஒரே மாதிரி இல்லை.

அக்கவுண்டிங்கில் நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம் நிறையவே கைகொடுக்கும். கூட்டாண்மை, பங்கு வெளியீடு, இலாப நோக்கற்ற அமைப்பு எல்லாம் படித்ததுதான். புதிதாக வருவது கடனீட்டுப் பத்திரம் திருப்பிக் கொடுப்பது, சரக்கிருப்பு மதிப்பீடு போன்றவை. "பேரேடு", "இருப்பாய்வு" என்று பழகியதை லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ் என்று மாற்றிக்கொள்ளப் பதினைந்து நாள் போதும்.

பிசினஸ் லா தான் கஷ்டம். 1872 ஒப்பந்தச் சட்டம், 1930 சரக்கு விற்பனைச் சட்டம், 1932 கூட்டாண்மைச் சட்டம், 2013 கம்பெனிச் சட்டம் என்று போகும், பக்கம் பக்கமாக எழுத வேண்டும். தமிழ் வழிப் பிள்ளைகள் விடை தெரிந்தும் வாக்கியம் அமையாமல் மார்க் விடுவது இதில்தான். தினம் ஒரு கேள்விக்கு மூன்று பத்தி: சட்டம் என்ன சொல்கிறது, இந்தச் சம்பவத்தில் நடந்தது என்ன, முடிவு என்ன. சின்னச் சின்ன வாக்கியமாகக் கையால் எழுதணும், படித்துக்கொண்டே போனால் வராது.

மூன்றாவது தாள் 100 மார்க்: கணிதம் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, புள்ளியியல் 40. வணிகக் கணிதம் எடுக்காத பிள்ளைக்கு வகை நுண்கணிதம், வரிசைமாற்றம் இரண்டும் கண்ணைக் கட்டும். அவற்றைக் கடைசிக்கு வைத்துவிட்டு விகிதம், வட்டி, ஆண்டுத்தொகை, சராசரி, குறியீட்டெண், ரீசனிங் ஆகியவற்றை உறுதியாக்கட்டும். சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. 12 இலக்கச் சாதாரண கால்குலேட்டரில் ஜி.டி. (கிராண்ட் டோட்டல், வந்த விடைகளைக் கூட்டிக் காட்டுவது) பட்டன் இருப்பதாக வாங்குங்கள். 8 சதவீதத்துக்கு மூன்று வருட ஆண்டுத்தொகைக் காரணி (வருடம் ஒரு ரூபாய் வீதம் மூன்று வருடம் வருவதன் இன்றைய மதிப்பு) வேண்டுமா? 1 ÷ 1.08 தட்டி, = மூன்று முறை, பிறகு ஜி.டி. 2.577 வரும். சில மாடலில் இது வேலை செய்யாது, கடையிலேயே தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஓசூர்_டேலி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பவுண்டேஷனே எழுதாமல் போகலாமே? பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால் நேராக சி.ஏ.வின் அடுத்த கட்டமான இன்டர். அந்த மூன்று வருடத்தில் டேலியும் ஜி.எஸ்.டி.யும் கற்றுக்கொண்டால் கையில் தொழில். ஓசூர் சிப்காட் பக்கச் சின்ன யூனிட்டாகட்டும், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையாகட்டும், பர்கூர் ஜவுளிக் கடையாகட்டும், இன்டர்வியூவில் சர்டிபிகேட்டைப் பார்ப்பதில்லை. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர். 1, 20க்குள் வரி கட்டும் படிவமான 3பி போடத் தெரியுமா, நாம் வாங்கிய சரக்கின் வரி விவரமாக 14ஆம் தேதி வரும் 2பி-யைப் பர்ச்சேஸ் பில்லோடு ஒத்துப் பார்க்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

சேலம்_ஆடிட்:
டேலி விஷயத்தில் ஓசூர்க்காரர் சொல்வது நியாயம், சி.ஏ. போனாலும் அது வேண்டும். ஆனால் நேரடி வழியில் டிகிரி முடித்த பிறகே இன்டர் எழுத முடியும். பவுண்டேஷன் வழியில் செப்டம்பர் பாஸ் ஆகி, ஜனவரி 1க்குள் இன்டர் ரிஜிஸ்டர் செய்தால், எட்டு மாதம் கழித்து அடுத்த செப்டம்பரில், அதாவது பி.காம். இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். இன்டரின் இரண்டு குரூப்பும் (தாள் தொகுதியும்) முடிந்தால் காலேஜ் முடிந்த கையோடு இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. ஒரு வருடமாவது மிச்சம். இன்டர் ரிஜிஸ்ட்ரேஷன் இரண்டு குரூப்புக்கும் 18,000, அதை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மகள் இரண்டு அட்டெம்ப்ட்டில் பவுண்டேஷன் தாண்டவில்லை என்றால் விட்டுவிட்டு நேரடி வழிக்கு மாறட்டும். மூன்றாவது, நான்காவது என்று இழுத்தால் பி.காம். அரியர்தான் ஏறும்.

பாலக்கோடு_அப்பா:
ரொம்ப நன்றி சார், நன்றி டீச்சர். நெகட்டிவ் மார்க் என்கிறார்களே, அது எப்படி? என்.ஐ.எஸ்.எம். வேண்டுமா?

காவேரிப்பட்டினம்_காமர்ஸ்:
மூன்றாவது தாளும் நான்காவதான பொருளாதாரமும் மட்டும் அப்ஜெக்டிவ். தப்புக்குக் கால் மார்க் போகும். 80 கேள்வி தொட்டு 50 சரி என்றால் 50 கழித்தல் 7.5, அதாவது 42.5. ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், மொத்தம் 400க்கு 200 வேண்டும். நான்கிலும் 45 எடுத்தாலும் ஃபெயில்தான், மொத்தம் 180. அதனால் அக்கவுண்டிங்கில் 65, 70 எடுக்கப் பார்க்கணும், கணிதத்தில் குறைவதை அதுதான் ஈடுகட்டும். "தெரியாததைத் தொடாதே" என்பது பாதிதான் உண்மை. நான்கு விடையில் ஒன்றைத் தப்பு என்று தள்ள முடிந்தாலே குறித்துவிடுவது லாபம்.

சேலம்_ஆடிட்:
என்.ஐ.எஸ்.எம். இப்போது வேண்டாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு 1,500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், 100 கேள்வி, 50 எடுத்தால் பாஸ். கஷ்டமில்லை. ஆனால் சர்டிபிகேட் மூன்று வருடம்தான் செல்லும். இப்போது வாங்கினால் டிகிரி முடித்து வேலை தேடும் நேரத்தில் காலாவதி. கடைசி வருடத்தில் எழுதினால் போதும்.

கடைசியாக ஒன்று, பத்தாவது மார்க் ஷீட்டையும் ஆதாரையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வெறும் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் ஏப்ரலில் படிவம் நிற்கும். பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். ஆதார் மையத்தில் கூட்டம் இருக்கும், பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.