பாய் ஏறும்போது மரத்தில் ஓடும் துண்டு: தமிழில் என்ன சொல்வது?

நல்லூர், திங்கள் காலை

எல்லோருக்கும் வணக்கம். பாய்ப்படகுப் பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பாயைச் சிக்கில்லாமல் ஏற்றுவது பற்றிய அத்தியாயம் மட்டும் மிச்சம். அதில் ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பாய்மரத்தின் பின்பக்கம் கீழிருந்து உச்சிவரை ஒரு பள்ளம் ஓடும். பாயின் முன்விளிம்பில் வரிசையாகச் சின்னத் துண்டுகள் கட்டியிருக்கும். கயிற்றை இழுக்க இழுக்க அந்தத் துண்டுகள் பள்ளத்துக்குள் நகர்ந்து பாயை மேலே கொண்டுபோகும். பழைய படகுகளில் அது வெறும் நைலோன் துண்டு. இப்போது பள்ளத்துக்குப் பதிலாகத் தண்டவாளம் வைத்து, உருளும் குண்டுகள் அடைத்த சிறு வண்டி போல ஒன்றை அதில் ஓட விடுகிறார்கள். முன்னதை ஸ்லைட் என்றும் பின்னதைக் கார் என்றும் மூலத்தில் சொல்லியிருக்கிறது. 'கார்' என்று எழுதினால் பிள்ளைகள் வீதியில் ஓடுவதைத்தான் நினைப்பார்கள். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

குருநகர், திங்கள் மதியம்

தங்கச்சி, அந்த வகுப்பில் படகு பழக்குகிறவன் நான். பெயர் வைக்கமுதல் அந்தத் துண்டு படுத்தும் பாட்டைக் கேளுங்கள். போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு பெடியன் பாதி மரத்துக்குப் பாயை ஏற்றிவிட்டான். அதற்கு மேல் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கினார்கள். இறக்கிப் பார்த்தால், மேலிருந்து மூன்றாவது துண்டின் ஓரம் தேய்ந்து, பள்ளத்துக்குள் சரிந்து ஆப்புப் போல இறுகியிருக்கிறது. யாரோ நல்லதென்று நினைத்துக் கிறீஸ் பூசியிருந்தார்கள். அந்தக் கிறீஸில் மணலும் உப்பும் ஒட்டிக் கறுப்புக் களியாகக் கிடந்தது.

நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். துணியால் துடைத்து, துண்டை மாற்றி, பள்ளத்தின் வாயில் மெழுகுதிரி தேய்த்தோம். பிறகு படகின் தலையைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பிடித்தோம். அதே பெடியன் தனியாளாக உச்சிவரை ஏற்றினான்.

அதனால் எனக்குத் தேவை, காற்றுக்குள் கத்தக்கூடிய சொல். நீட்டி முழக்கினால் படகின் முன்கொம்புக்குப் போய்ச் சேராது. 'ஓடி' என்று வையுங்கள்.

கோப்பாய், திங்கள் இரவு

தம்பி சொல்வது விளங்குகிறது. ஆனால் 'ஓடி' வினையெச்சமும் ஆகும். 'ஓடி இறுகிவிட்டது' என்றால் ஓடிப்போய் இறுகியது எது என்று பிள்ளை தேடும்.

எனக்கு முதலில் தோன்றியது 'சிறுதேர்'. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிய 'முக்காற் சிறுதேர்' பட்டினப்பாலையில் வருகிறது. துறைமுகம் பற்றிய பாட்டு, எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவமே உண்டு. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. தேரை இழுப்பது வடம். பாயை ஏற்றும் கயிற்றுக்கும் 'வடம்' என்று வைத்துவிட்டால் இரண்டு சொற்களும் ஒரே இழுப்பில் வந்துவிடும். நல்லூர்த் தேரன்று வடம் பிடித்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ரொறன்ரோ, செவ்வாய்

ரீச்சர், வடம் எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்தான் இடிக்கிறது. தேருக்கு அச்சும் சில்லும் உண்டு. இந்த வண்டியில் அச்சே இல்லை. குண்டுகள் தண்டவாளத்தை ஒட்டி உருண்டு, முனைக்குப் போய், உள்வழியால் திரும்பவும் தொடக்கத்துக்கு வருகின்றன. நைலோன் துண்டில் உருள்வதற்கு எதுவுமே இல்லை. அதை எப்படித் தேர் என்பது?

ஏன் குண்டு தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். பாய் விறைப்பாக நிற்க அதற்குள் சலாகை செருகுகிறோம். முழு அகலச் சலாகை என்றால் அதன் முன்முனை துண்டை மரத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும். பக்கத்திலிருந்து காற்றுப் பிடித்தால் துண்டு சரியவும் பார்க்கும். வெறும் நைலோன் அந்த அழுத்தத்தில் சிக்குகிறது, குண்டு வைத்தது சிக்காது. வேலை ஒன்று, உராய்வைத் தாண்டும் வழிதான் இரண்டு. ஆகவே ஒரே அடிச்சொல் போதும்: வழுக்கி, குண்டுவழுக்கி. பேரிங்குக்குப் பாடப்புத்தகம் சொல்லும் 'போதிகை'யை இதற்குள் இழுக்கவேண்டாம்.

கோப்பாய், செவ்வாய் மாலை

போதிகை அருமையான சொல் தம்பி. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு அது. கோயில் தச்சர் சொல்லை எந்திரத்துக்கு எடுத்தவர்கள் யோசித்துத்தான் எடுத்தார்கள். அது கிடக்கட்டும்.

'வழுக்கி' என் காதில் வேறுவிதமாக விழுகிறது. வழு என்றால் பிழை. நன்னூலைத் திறந்தால் திணைவழு, பால்வழு என்று ஏழு வழு. பிழையில்லாமல் ஏற வேண்டிய ஒன்றுக்கு வழுவில் பிறந்த பெயரா? அதோடு, ஓடிக்குச் சொன்ன வினையெச்சக் குறை இதற்கும் உண்டு.

நல்லூர், செவ்வாய் இரவு

ரீச்சர், எங்கள் குடாநாட்டுக்கு இருக்கிற ஒரே ஆறு வழுக்கியாறு. அதை யாரும் பிழையாறு என்று நினைப்பதில்லை. இளநீர் வழுக்கலை உண்ணாத பிள்ளையும் இங்கே இல்லை. நழுவிப்போகும் மென்மை என்ற பொருள்தான் எங்களுக்கு முதலில் வரும்.

வல்வெட்டித்துறை, புதன் அதிகாலை

பிள்ளைகள், நான் பிந்தித்தான் வாசித்தேன். என் பாட்டனார் தண்டையல், பாய்க்கப்பல் தலைவர். எங்கள் கரையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல், புளோரன்ஸ் சி. றொபின்சன் என்ற புதுப்பெயரோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரைக்கும் பாயிலே போன ஊர் இது. அந்த மனிதர்களிடம் சொல் இல்லாமலா போயிருக்கும்?

பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். அகராதியைத் திறந்து பாருங்கள், இரண்டும் இருக்கின்றன. வடம் எதற்கு? துண்டுக்குத்தான் பழைய சொல் இல்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் பள்ளமும் தண்டவாளமும் இல்லை. மரத்தைச் சுற்றி வளையம் போட்டுப் பாயைக் கட்டுவார்கள். இன்னொரு முறையும் உண்டு: கயிற்றில் மரமணிகளைக் கோத்து மரத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். மணி உருண்டு உருண்டு மேலே போகும். தம்பி சொன்ன குண்டு புதிதென்று நினைக்கவேண்டாம், அந்த மணிதான் இப்போது வண்டிக்குள் போயிருக்கிறது.

கோப்பாய், புதன்

ஐயா, மணிக்கோவை பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஆஞ்சானும் தாமானும் இந்துஸ்தானி வழி வந்தவை. நம்மிடம் சங்கச் சொல் இருக்கும்போது ஏன்? பாய்மரத்துக்குப் புறநானூறு 'கூம்பு' என்கிறது. பாய்க்கு மதுரைக்காஞ்சியும் மணிமேகலையும் 'இதை' என்கின்றன. இதைக்கயிறு, இதைவழுக்கி என்று ஒரு குடும்பமாகவே அமைக்கலாம்.

குருநகர், புதன்

ரீச்சர், கோபிக்கவேண்டாம். 'இதை இறக்கு' என்று நான் கத்தினால் பிள்ளை கையில் இருக்கிற எதையும் இறக்கும். புயல்காற்றில் அது ஆபத்து.

வல்வெட்டித்துறை, புதன் மாலை

சுக்கான் அரபுச் சொல். அதை யார் கழற்றி எறிந்தார்கள்? எங்கள் ஆட்கள் பிறத்தியாரோடு ஒரே தளத்தில் நின்று உழைத்ததன் அடையாளம் அந்தச் சொற்கள். ஆஞ்சானைத் தூக்கினால் அந்த உழைப்பையும் தூக்குகிறீர்கள். இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

ரொறன்ரோ, வியாழன்

ஐயாவுக்கு ஒரு துணைச்செய்தி. ஆங்கிலத்தில் அந்தக் கயிற்றின் பழைய பெயருக்கு 'இழுப்பது' என்றுதான் பொருள். பாய் தாங்கும் குறுக்குமரத்தின் பெயர் பிற்காலத்தில் வாலில் ஒட்டி, ஹலியார்ட் ஆகிவிட்டது. மாலுமிகளின் வாயில் தேய்ந்ததே நிலைத்தது. ஆஞ்சானுக்கு என் வாக்கு.

நல்லூர், வியாழன் இரவு

நாளைக்கு அச்சு. துண்டுக்கு வழுக்கி, குண்டு வைத்ததற்குக் குண்டுவழுக்கி. மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள், நான் உட்பட. ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'பாய் ஏற்றும் கயிறு' என்று விளக்கம் சேர்க்கிறேன். கப்பி கப்பியாகவே இருக்கும், அதில் யாருக்கும் சண்டை இல்லை.

கோப்பாய், வியாழன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். வடத்தை விட்டது தவறு என்று மட்டும் பதிந்து வையுங்கள். அடுத்த பதிப்பில் திரும்பக் கேட்பேன்.

குருநகர், வெள்ளி காலை

கையேட்டில் வழுக்கி வரட்டும். நேற்று வகுப்பில் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். கொம்பில் நின்ற பெடியனுக்கு 'ஓடி' கேட்டது. 'வழுக்கி'க்கு 'என்னண்ணை?' என்று திரும்பக் கேட்டான். நான் ஓடி என்றுதான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.