பழைய சென் காரில் 1.3 லிட்டர் இன்ஜின் ஏற்றலாமா?

கோவை_சென்2002:

வணக்கம். அப்பா 2002-ல் வாங்கிய மாருதி சென் எங்கள் வீட்டில் இருக்கிறது. எம்பிஎஃப்ஐ மாடல் (கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் போகும்), இன்றும் தினமும் ஓடுகிறது. பாடியில் துரு இல்லை என்றே சொல்லலாம், டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே மட்டும் பெயிண்ட் லேசாகக் குமிழ் விட்டிருக்கிறது. இன்ஜின்தான் தளர்ந்துவிட்டது. ஏசி போட்டு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறினால் இரண்டாவது கியரிலேயே திணறுகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "இதை ரீபோர் செய்வதற்கு (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதற்கு) பதில் மாருதி எஸ்டீம் கார் இன்ஜினை உட்கார வைத்துவிடலாம், இரண்டும் ஒரே குடும்பம், இன்ஜினைத் தாங்கும் மவுண்டைக் கொஞ்சம் மாற்றினால் போதும்" என்கிறார். சென் 60 குதிரைத்திறன், எஸ்டீம் எம்பிஎஃப்ஐ 85. கேட்கவே ஆசையாக இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்விஃப்ட் 1.3 இன்ஜினும் கிடைக்கும் என்று நண்பன் சொல்கிறான்.

காரை விற்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இல்லை. உண்மையிலேயே பொருந்துமா? வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும்? ஆர்சி புக்கில் என்ன செய்வது? செய்தவர்கள், செய்து கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

பட்டறை மணி:

தம்பி, உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. சென்னில் இருப்பது ஜி10பி, 993 சிசி. எஸ்டீமில் இருப்பது ஜி13, 1298 சிசி. இரண்டும் சுஸுகியின் ஜி வரிசைதான். சென்னில் போர் (சிலிண்டரின் அகலம்) 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 61. எஸ்டீமில் போர் 74, ஸ்ட்ரோக் 75.5. அதாவது சிலிண்டர் பெரிதாக அகலவில்லை, ஸ்ட்ரோக் நீண்டதால்தான் சிசி கூடியிருக்கிறது. மலையில் உங்களுக்கு வேண்டிய இழுவை கிடைக்கும் என்பதும் உண்மை. 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இதே 1.3 தான் இருந்தது, 87 குதிரைத்திறன். சுமார் 1000 கிலோ எடையுள்ள அந்த காரையே நன்றாக இழுத்த இன்ஜின், 750 கிலோ சுற்றளவில் இருக்கும் சென்னில் எப்படி இழுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் "மவுண்டை மாற்றினால் போதும்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். இன்ஜினை பானெட்டுக்குள் இறக்குவது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

முதலில் வயரிங். இன்ஜினை மட்டும் வாங்கி வராதீர்கள், அது ஓடிய காரின் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), முழு ஹார்னஸ் (வயர் கட்டு), எல்லா சென்சார்கள், த்ராட்டில் பாடி எல்லாம் சேர்த்து ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஹார்னஸை உருவி எடுக்க நேரமில்லாமல் கட்டிங் பிளேயரால் வெட்டித்தான் கொடுப்பார்கள். அந்த நுனிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டினால், மழைக்காலத்தில் ஒரு நாள் நடுரோட்டில் வண்டி நிற்கும், எந்த வயர் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டி என்றால் சாவியும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. அதனால் ஸ்விஃப்டை விட எஸ்டீம்தான் கை வைக்க எளிது.

அடுத்தது டிரைவ் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. எஸ்டீம் கியர்பாக்ஸையும் சேர்த்துப் போட்டால் ஷாஃப்டின் உள்முனை அந்த கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும், வெளிமுனை சென் ஹப்புக்குப் பொருந்த வேண்டும், நீளமும் சரியாக வர வேண்டும். இதைச் சமாளிக்க ஷாஃப்டை வெட்டி நடுவில் வெல்டிங் வைத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேத்தில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் வெல்டிங் வைத்த இடத்தில் அந்த இரும்பின் பதம் மாறிவிடுகிறது, முழு லோடில் முறுக்கும்போது அங்கேதான் ஒடியும். சென் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அதன் கியர் விகிதம் ஒரு லிட்டர் இன்ஜினுக்காக அமைத்தது. ஊருக்குள் பறக்கும், பைபாஸில் நூறில் போகும்போது இன்ஜின் தேவையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

ரேடியேட்டரும் அப்படியே, 1.3-க்கு உரியதைப் போடுங்கள், இடம் இறுக்கமாகத்தான் இருக்கும். பானெட்டை முதல் தடவை மூடும் முன் இன்ஜின் தலைமேல் நான்கு இடத்தில் களிமண் உருண்டை வைத்து மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அப்போதே தெரியும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் மவுண்டில் அசையும், அதற்கும் இடம் விட வேண்டும்.

ஆர்சி புக்:

மணி அண்ணன் வேலையைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற மாற்று எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் போட்டு மாறலாம், அது வேறு கணக்கு. 993 சிசி வண்டியில் 1298 சிசி ஏற்றுவது அதில் வராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உற்பத்தியாளரின் விவரத்தை மீறி மாற்றக் கூடாது என்று இந்தப் பிரிவை வைத்தே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"யார் பானெட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்வார்கள். உங்களுடையது 2002 வண்டி. 15 வருடம் முடிந்து, இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். அங்கே சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் சரிபார்ப்பார்கள், பென்சில் தேய்த்து டிரேஸ் எடுத்து ஒட்டச் சொல்வார்கள். நம்பர் மாறியிருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பழைய நம்பரைப் புது இன்ஜினில் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள், அது கிரிமினல் வழக்கு.

இன்சூரன்ஸ் இன்னும் முக்கியம். விபத்து நடந்து சர்வேயர் வந்து பார்த்தால் இன்ஜின் நம்பர் பொருந்தாது, கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். எதிரே வந்தவருக்குக் காயம் என்றால் அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம். குன்னூர் ரோட்டில் குடும்பத்தோடு போகும் கார் என்கிறீர்கள். வேண்டாம்.

இதே மாடலின் இன்னொரு ஜி10பி இன்ஜினை பில்லோடு வாங்கி, ஆர்டிஓவிடம் விண்ணப்பித்து ஆர்சியில் புது நம்பரை ஏற்றிக்கொள்வது நடக்கக்கூடிய காரியம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிபாளையம் ரேவதி:

சட்டம் சரிதான், ஆனால் பெரிய இன்ஜினை ஏற்றுவதே தப்பு என்ற மாதிரி பேச்சு போகிறது, அது எனக்கு ஒப்பவில்லை. ரோட்டுக்கு ஆகாது, டிராக்குக்கு ஆகும். மாருதி 800 இன்ஜினை வைத்து கார் பந்தய வீரர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டியது இந்தக் கோயம்புத்தூரில்தான், இன்று செட்டிபாளையத்தில் இருக்கும் ஸ்பீட்வேக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த இன்ஜினை வேறொரு வண்டியில் பொருத்தி ஓட வைப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. ஆனால் அந்த வண்டி டிரெய்லரில் ஏறி டிராக்குக்குப் போகும், வீட்டு வாசலிலிருந்து ஓட்டிக்கொண்டு போகிற வண்டி அல்ல.

இன்னொன்று, பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. வேகம் ஒன்றரை மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு. உங்களிடம் 12 அங்குல ரிம் இருந்தால் அதற்குள் பெரிய டிஸ்க் நுழையவே நுழையாது, முதலில் 13-க்குப் போக வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு 1.3 இன்ஜின் ரொம்ப நன்றாக இருக்கும், இறங்கும்போது சென்னின் பிரேக்தான் காப்பாற்ற வேண்டும். சூடேறி பெடல் மெத்தென்று உள்ளே போகும்போது எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன?

முன்பக்க எடையையும் கணக்கில் வையுங்கள். 1998-ல் மாருதியே இதே பாடியில் பெஜோவின் 1.5 லிட்டர் டீசலைப் போட்டு விற்றது. பெட்ரோல் சென் காரையும் அதையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு அந்த மூக்குக் கனம் வளைவில் என்ன செய்யும் என்று தெரியும். சென் என்றாலே எனக்கு அது வளைவில் திரும்பும் அழகுதான். அதைக் கெடுத்துக்கொண்டு நேர்ரோட்டில் நான்கு நொடி முந்திப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

கோவை_சென்2002:

எல்லோருக்கும் நன்றி. இன்சூரன்ஸ் பற்றிப் படித்ததும் வீட்டில் பேசினேன், அம்மாவும் அந்த காரில்தான் போகிறார், அதனால் 1.3 யோசனையை விட்டுவிட்டேன். மணி அண்ணா, இருக்கிற இன்ஜினையே சரிசெய்வதா அல்லது இன்னொரு ஜி10பி தேடுவதா? புகை காலையில் மட்டும்தான், ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னால் வந்த நண்பன் ஒன்றும் தெரியவில்லை என்றான்.

பட்டறை மணி:

நல்ல முடிவு தம்பி. நீங்கள் இப்போது சொன்னதைப் பார்த்தால் இன்ஜினை இறக்கவே வேண்டாமோ என்று தோன்றுகிறது. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து சில நொடியில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல். ராத்திரி முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டி உள்ளே தேங்கியிருக்கும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் மிதிக்கும்போதும் புகை வரும், ஆயில் லெவலும் வேகமாக இறங்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எது குறைவாக இருக்கிறதோ அதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், அப்போது பிளாக்கை இறக்கி போர் அளந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் தேவையா என்று பார்க்கலாம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு கிரைண்டிங், சீல், கேஸ்கட் மாற்றினால் போதும். டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள், கழற்றித்தானே ஆக வேண்டும்.

அதற்கு முன் கிளட்ச்சையும் ஒரு தடவை பாருங்கள். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் மேல் பழி போட்டுப் பயனில்லை. டெஸ்ட் நம்பர் வந்ததும் இங்கேயே போடுங்கள்.